பியானோ கற்கும் பெரியவர்களுக்கு: எங்கே தடுக்கிறது, எப்படிச் சரிசெய்வது

பெரியவர்களான பிறகு பியானோ கற்க வருபவர்களிடம் ஒரு பழக்கத்தை அடிக்கடி பார்க்கிறேன். தப்பு வந்த இடத்தையே திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். அப்படியும் சரியாகாவிட்டால் வயசாகிவிட்டது, விரல் வளையாது என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஆனால் பியானோவில் தப்பு காதில் விழும் இடம் ஒன்று, அது பிறக்கும் இடம் வேறு. பெரும்பாலும் அது ஒரு பீட்டுக்கு (ஒரு தாளத் தட்டுக்கு) முன்னாலேயே பிறந்திருக்கும். சில சமயம் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்த விதத்திலேயே பிறந்திருக்கும். அதனால் இந்த வழிமுறையில் ஒவ்வொரு பகுதியும் ஓர் அறிகுறியில் தொடங்கி, பின்னோக்கிப் போய்க் காரணத்தைத் தேடுகிறது. உங்களுக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரிய வேண்டாம். பக்கவாட்டிலிருந்து தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் நான்கும் தெரிந்தால் போதும். வாசிக்கும்போது உங்கள் கவனம் முழுக்க அடுத்த ஸ்வரத்தில் இருக்கும். தோள் காதுவரை ஏறியிருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

## முதலில், கோளாறு வாத்தியத்திலா?

டிஜிட்டல் பியானோவோ கீபோர்டோ வைத்திருப்பவர்கள் தங்கள் வாசிப்பைச் சந்தேகிக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

பெடலை மிதித்தால் ஒலி அறுந்துபோகிறது, காலை எடுத்தால் நீள்கிறது என்றால், பெடல் தலைகீழாகப் பதிவாகியிருக்கிறது. பல கருவிகள் பவர் போடும் நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே மிதிக்காத நிலை என்று எடுத்துக்கொள்ளும். ஆஃப் செய்து, பெடல் வயரைச் செருகி, காலை முழுசாக விலக்கிக்கொண்டு மறுபடி ஆன் செய்யுங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் பெடலின் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சில பெடல்களில் இருக்கும், அதைத் தள்ளினால் சரியாகிவிடும்.

ஒரு ரெக்கார்டிங்கோடு சேர்ந்து வாசிக்கும்போது, எல்லா ஸ்வரமும் சரியாக இருந்தும் ஒட்டாமல் கேட்டால் டிரான்ஸ்போஸ் (எல்லாக் கட்டைகளின் சுருதியையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் வசதி) எண்ணைப் பாருங்கள். கை பட்டு ஒன்றோ இரண்டோ ஏறியிருக்கும். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கீபோர்டின் இடது பாதி மட்டும் வேறு வாத்தியமாக ஒலித்தால் ஸ்ப்ளிட் ஆனாகியிருக்கிறது. ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு வாத்தியம் சேர்ந்து கேட்டால் லேயர் அல்லது டூயல் என்ற பட்டனை அணையுங்கள். ஸ்பீக்கரில் சத்தமே வராவிட்டால், ஹெட்ஃபோன் துளையில் ஏதாவது அடாப்டர் மாட்டியபடி இருக்கிறதா என்று பாருங்கள்.

தாளம் எப்போதும் பின்தங்குவதாகத் தோன்றுகிறதா? ப்ளூடூத் ஹெட்ஃபோனைக் கழற்றுங்கள். கட்டையை அழுத்துவதற்கும் ஒலி காதுக்கு வருவதற்கும் இடையே அது ஒரு தாமதத்தைச் சேர்க்கும். அந்தத் தாமதத்தை ஈடுகட்ட உங்கள் கை தன்னையறியாமல் முந்த ஆரம்பிக்கும். வயர் உள்ள ஹெட்ஃபோன்தான் பயிற்சிக்கு ஏற்றது.

எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும், ஓங்கி அடித்தாலும் ஒரே அளவு சத்தம் வந்தால், டச் என்ற செட்டிங் ஃபிக்ஸ்டு நிலையில் இருக்கலாம். மீடியம் அல்லது நார்மலுக்கு மாற்றுங்கள். மாற்ற அப்படி ஒரு செட்டிங்கே இல்லாத கருவி என்றால் என் கருத்து வெளிப்படையானது: அதில் பியானோ கற்க முடியாது, ஸ்வரங்களின் இடத்தை மட்டும்தான் கற்க முடியும். மெல்லவும் உரக்கவும் வாசிப்பதுதான் இந்த வாத்தியத்தின் உயிர். 88 கட்டைகள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தொடக்கத்துக்கு 61 போதும். ஆனால் தொடுகைக்கு ஏற்பச் சத்தம் மாறியே ஆக வேண்டும். கட்டைகளுக்கு எடையும் இருந்தால் இன்னும் நல்லது.

மரப் பியானோவில் ஒரு கட்டை கீழே போய் மேலே வராமல் நின்றால், காற்றில் ஈரம் ஏறி மரமோ அதன் துணிப்பட்டையோ உப்பியிருக்கலாம், அல்லது இடுக்கில் பென்சிலோ காசோ விழுந்திருக்கலாம். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், அது மரத்திலும் துணியிலும் ஊறி நிலைமையை மோசமாக்கும். டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது டியூனிங்கும் வேண்டும்.

## ஒரே இடத்தில் ஒவ்வொரு தடவையும் தட்டுகிறது

இதுதான் அதிகம் பேருக்கு இருக்கும் சிக்கல். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வலது கையால் சி மேஜர் ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். பெருவிரலுக்கு 1, சுண்டு விரலுக்கு 5 என்பது பியானோவில் விரல் எண். புதிதாக வாசிப்பவர் சி, டி, ஈ, எஃப், ஜி வரை 1, 2, 3, 4, 5 என்று சுகமாகப் போய்விடுவார். அடுத்து ஏ வந்ததும் கை நின்றுவிடும். விரல் தீர்ந்துபோயிற்று. உடனே கையைத் தூக்கி ஏதோ ஒரு விரலால் ஏ-யைத் தொடுவார். அங்கே ஒரு துண்டிப்பு கேட்கும். 'எனக்கு ஏ-தான் வரமாட்டேன் என்கிறது' என்பார். உண்மையில் ஏ-யில் ஒரு குறையும் இல்லை. ஈ-யை 3ஆம் விரலால் வாசித்ததும் பெருவிரல் உள்ளங்கைக்குக் கீழே புகுந்து எஃப்-ஐ எடுத்திருக்க வேண்டும்: 1, 2, 3, பிறகு 1, 2, 3, 4, 5. அதாவது தப்பு கேட்டது ஏ-யில், நடந்தது எஃப்-இல். இன்னும் உற்றுப் பார்த்தால், பெருவிரல் டி வாசிக்கும்போதே உள்ளே நகரத் தொடங்கியிருக்க வேண்டும். அது அங்கே சும்மா இருந்ததுதான் மூலக் காரணம்.

உங்கள் பாட்டில் தட்டும் இடத்தையும் இப்படியே விசாரியுங்கள். தப்பான ஸ்வரத்தில் கையை அப்படியே உறையவிட்டு, எந்த விரல் எந்தக் கட்டையில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்வரமாகப் பின்னால் போங்கள். நோட்ஸில் (பாட்டை எழுதிய இசைத்தாளில்) போட்டிருக்கும் விரல் எண்ணும் உங்கள் விரலும் எங்கே பிரிகிறதோ அங்கே பென்சிலால் வட்டம் போடுங்கள். வட்டம் தப்பு கேட்ட ஸ்வரத்துக்கு இடப்பக்கத்தில்தான் பெரும்பாலும் விழும்.

விரல் எல்லாம் சரியாக இருந்தும் தட்டுகிறது என்றால் அடுத்து கண்ணைச் சந்தேகியுங்கள். கை தாவ வேண்டிய இடத்தில், தாவிய பிறகு எங்கே போய் இறங்க வேண்டும் என்று தேடினால் நேரம் போதாது. தாவுவதற்கு முந்தைய ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கண் போய்ச் சேர வேண்டிய கட்டையில் இருக்க வேண்டும்.

காரணம் கிடைத்ததும் அந்த இணைப்பை மட்டும் எடுங்கள்: இரண்டு ஸ்வரம் முன்னால், ஒரு ஸ்வரம் பின்னால். நான்கே ஸ்வரம். தப்பாமல் வாசிக்க முடிகிற வேகம் எதுவோ அந்த வேகத்தில் வாசியுங்கள், அது எவ்வளவு மெதுவாக இருந்தாலும் சரி. முக்கியமாக, தப்பாகத் தொட்டுவிட்டு உடனே சரியான கட்டையைத் தொட்டுத் தொடராதீர்கள். கை மிகவும் விசுவாசமானது: தப்பு, பிறகு திருத்தம் என்று இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்துகொள்ளும். தட்டினால் நிறுத்துங்கள், கையைத் தொடையில் வையுங்கள், முதலிலிருந்து அந்த நான்கு ஸ்வரத்தை எடுங்கள்.

அந்த நான்கும் சரளமானதும் அப்படியே விட்டுவிடக் கூடாது. நோட்ஸில் நிமிர்ந்த கோடுகளால் பிரித்திருக்கும் ஒவ்வொரு தாளத் துண்டும் ஒரு மெஷர். அந்த மெஷர் கோட்டைத் தாண்டி அடுத்த மெஷரின் முதல் ஸ்வரம்வரை போய் நில்லுங்கள். பலரும் மெஷர் மெஷராகப் பயிற்சி செய்கிறார்கள். பிறகு ஒவ்வொரு கோட்டிலும் ஒரு சின்னத் தயக்கம் வருகிறது. அந்தத் தயக்கத்தைப் பயிற்சிதான் ஏற்படுத்தியிருக்கிறது.

பாட்டின் தொடக்கம் அருமையாகவும் முடிவு தடுமாற்றமாகவும் இருந்தால், காரணம் சொல்லவே வேண்டாம், எப்போதும் முதலிலிருந்தே ஆரம்பிக்கிறீர்கள். ஒரு வாரம் தலைகீழாகச் செய்து பாருங்கள். கடைசி மெஷர், பிறகு கடைசி இரண்டு, பிறகு கடைசி நான்கு. ஒவ்வொரு தடவையும் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குப் போவீர்கள். அந்த ஆறுதலே கையைத் தளர்த்திவிடும்.

## தனித்தனிக் கை சரி, சேர்த்தால் குழம்புகிறது

முதலில் ஒரு சோதனை. இடது கைப் பகுதியை மட்டும் வாசித்துக்கொண்டே வாரத்தின் கிழமைகளைப் பின்னாலிருந்து வாய்விட்டுச் சொல்லுங்கள். சனி, வெள்ளி, வியாழன் என்று போகும்போது கை நின்றால், அந்தக் கை இன்னும் உங்கள் முழுக் கவனத்தையும் கேட்கிறது என்று அர்த்தம். வலது கைக்குக் கொடுக்க உங்களிடம் எதுவும் மீதமில்லை. இடது கையைத் தனியாக இன்னும் சில நாள் வாசியுங்கள். தனியாகத் தப்பில்லாமல் வருவது வேறு, தனியாக யோசிக்காமல் வருவது வேறு. சேர்ப்பதற்கு இரண்டாவது நிலை வேண்டும்.

சோதனையில் தேறியும் குழம்பினால், சிக்கல் விரலில் இல்லை, தாளத்தில் இருக்கிறது. பியானோவை மூடிவிட்டுத் தொடையில் தட்டுங்கள். ஓர் எளிய நான்கு பீட் மெஷரை வைத்துக் காட்டுகிறேன். இடது கை 1ஆவது, 3ஆவது பீட்டில் மட்டும். வலது கை 1, 2, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒன்று, பிறகு 3, 4. இதை இரண்டு தனிக் கணக்காகப் பிடிக்க முயன்றால் மனசு இரண்டாகக் கிழியும். ஒரே வரியாகச் சொல்லிப் பாருங்கள்: 'இரண்டும், வலது, வலது, இரண்டும், வலது.' அவ்வளவுதான். இரண்டு கைக்கும் சேர்த்து ஐந்தே நிகழ்வுகள். வாய் இதைச் சொல்லப் பழகியதும் தொடைத் தட்டல் தானாக வரும், அதன் பிறகு கட்டைக்குப் போங்கள்.

கட்டையிலும் உடனே தாளத்தோடு வேண்டாம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று, அடுத்து எந்தெந்த விரல் என்று உறுதி செய்துகொண்டு, ஒரே தொடுகையில் வாசியுங்கள். ஒரு தடவை இப்படி முழு மெஷரும் போனபின் இடைவெளிகளைச் சமப்படுத்துங்கள். இதற்கு அடுத்த படியாக எனக்குப் பிடித்த பயிற்சி ஒன்று உண்டு: வலது கை ஒலிக்க வாசிக்கட்டும், இடது கை அதன் கட்டைகளை அழுத்தாமல் தொட மட்டும் செய்யட்டும். அசைவு முழுசாக இருக்கும், சத்தம் பாதியாக இருக்கும். பிறகு மாற்றிச் செய்யுங்கள்.

இத்தனையும் செய்தும் வாரக்கணக்கில் நகரவில்லை என்றால் பாட்டு உங்கள் நிலைக்கு மேலே இருக்கிறது. பெரியவர்களுக்கு நல்ல இசை எது என்று பல வருடமாகக் கேட்டு வளர்ந்த காது இருக்கிறது, அது எப்போதும் கையைவிட முன்னால் இருக்கும். அதனால் கைக்கு எட்டாத பாட்டையே தேர்ந்தெடுக்கத் தோன்றும். ஆசைப்பட்ட பாட்டை விட வேண்டாம், ஆனால் அதோடு கூடவே, இடது கை நீண்ட ஸ்வரங்களை மட்டும் பிடித்து நிற்கும் பாட்டு ஒன்றும் கையில் இருக்கட்டும்.

## கை வலிக்கிறது, இறுகுகிறது

வலி வந்தால் நிறுத்துங்கள். இந்த ஒன்றில் மட்டும் சமரசமே இல்லை. 'வலித்தால்தான் விரல் பலப்படும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விரல் மரத்துப்போனாலோ, ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ, ஓய்வெடுத்தும் வலி போகாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு இந்த வழிமுறை மாற்றாகாது.

சாதாரண இறுக்கம் என்றால் நாற்காலியிலிருந்து தொடங்குவோம். முழங்கை கட்டைகளின் மட்டத்தில், அல்லது ஒரு விரற்கடை மேலே இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசைமேல் வைத்த கீபோர்டு பெரும்பாலும் உயரமாகிவிடும். முழங்கை கீழே தங்கும், மணிக்கட்டு வளையும், தோள் அதை ஈடுகட்ட ஏறும். வலி தோளில் தெரியும், காரணம் மேசையில் இருக்கும். நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள், பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். கைகளை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் கட்டைகளுக்குப் பின்னால் நிற்கும் பலகையை முஷ்டி தொடும் தூரம் சரியான தூரம்.

அடுத்த காரணம் அழுத்தம். இதைப் புரிந்துகொள்ள வாத்தியத்துக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டை கீழே இறங்குவது சுமார் 10 மில்லிமீட்டர்தான். அதை இறக்க 50 கிராம் அளவுக்கு எடை போதும். கட்டை அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே உள்ளே இருக்கும் சுத்தியல் அதன் பிடியிலிருந்து விடுபட்டு, தானாகப் பறந்து போய்த் தந்தியை அடித்துத் திரும்பிவிடுகிறது. சத்தம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது கட்டை இறங்கிய வேகம் மட்டுமே. ஸ்வரம் கேட்ட பிறகு நீங்கள் கட்டையை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் அந்த ஸ்வரத்தில் எந்த மாற்றமும் வராது. முன்கையில் ஏறும் இறுக்கத்தில் பெரும்பகுதி இந்தப் பயனில்லாத அழுத்தம்தான். டிஜிட்டலிலும் இதே கதைதான். அதன் சென்சார் அளப்பதும் வேகத்தைத்தான்.

சோதித்துப் பாருங்கள். நடுவிரலால் ஒரு ஸ்வரத்தை வாசித்து, கட்டையைக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மணிக்கட்டை மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசைய மறுத்தால் அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள். கட்டை மேலே வந்துவிடாத அளவுக்கு மட்டும் எடையை விட்டுவைத்து, மீதியை விடுங்கள். மணிக்கட்டு இளகும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பிறகு இப்படி இளக்கி, ஐந்து விரலுக்கும் செய்யுங்கள்.

மோதிர விரல் சொல்பேச்சுக் கேட்கவில்லை என்று எல்லோரும் வருந்துகிறார்கள். புறங்கையில் அதன் தசைநாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு பிணைந்திருக்கிறது. அது தனியாக உயராதது உடலமைப்பு, உங்கள் குறை இல்லை. அதைத் தனியாக உயரத் தூக்கும் பயிற்சிகளை விட்டுவிடுங்கள். இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனுக்கு 1830களின் தொடக்கத்தில் வலது கை விரல் பாதிக்கப்பட்டு, பியானோ கலைஞராகும் எண்ணத்தையே கைவிட நேர்ந்தது. அதற்கு முன் விரலுக்காக ஒரு கருவியை அவர் பயன்படுத்தியிருந்தார். சரியான காரணம் பற்றி இன்றும் விவாதம் உண்டு, ஆனால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள அது போதும். மோதிர விரலுக்குப் பலம் தேவை என்றால், கையை ஒரு மயிரிழை அந்த விரல் பக்கம் சாய்த்து, முன்கையின் எடையை அதன்மேல் விடுங்கள்.

கை வடிவமே பிடிபடவில்லை என்றால் இசையமைப்பாளர் ஷோப்பன் தன் மாணவர்களுக்குக் காட்டிய நிலை இருக்கிறது. வலது கைப் பெருவிரலை ஈ-யில் வையுங்கள். நீளமான மூன்று விரல்களை எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப் என்ற மூன்று கறுப்புக் கட்டைகளில் வையுங்கள். சுண்டு விரல் பி-யில். நீள விரல் உயர்ந்த கட்டையில், குட்டை விரல் தாழ்ந்த கட்டையில். கை தானாகவே குவிந்து நிற்கும். வெள்ளைக் கட்டைகள் மட்டும் உள்ள சி மேஜர் படிக்கத்தான் எளிது. கைக்கு இதுதான் எளிது.

## நோட்ஸ் படிக்க யுகம் ஆகிறது

நோட்ஸின் ஐந்து கோடுகளில் கீழ்க்கோட்டிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வருகிறீர்களா? அதுதான் காரணம். அடையாளக் கற்களாகச் சில ஸ்வரங்களைப் பார்த்தவுடன் சொல்லப் பழகுங்கள். ட்ரெபிள் க்ளெஃப் (மேல் ஐந்து கோடுகளின் தொடக்கத்தில் உள்ள குறி) சுருள் சுற்றும் இரண்டாவது கோடு ஜி. பாஸ் க்ளெஃபின் (கீழ் ஐந்து கோடுகளின் குறி) இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் கோடு எஃப். இரண்டுக்கும் இடையே தனிக் கோட்டில் நிற்பது மிடில் சி. இவற்றோடு ட்ரெபிளின் மூன்றாவது இடைவெளியிலும் பாஸின் இரண்டாவது இடைவெளியிலும் உள்ள சி-க்கள். ஐந்து கல் போதும்.

மற்றதெல்லாம் தூரம். கோட்டிலிருந்து பக்கத்து இடைவெளிக்குப் போனால் அடுத்த வெள்ளைக் கட்டை. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் ஒன்றைத் தாண்டிய கட்டை. ஸ்வரத்தின் பெயரைச் சொல்லாமலே விரல் போய்விடும், அதுதான் படிப்பது.

ஸ்வரத்துக்கு மேலே எழுத்துகளைப் பென்சிலால் எழுதி வைப்பதை இன்றே நிறுத்துங்கள். கண் எப்போதும் எளிதானதைத்தான் படிக்கும், நோட்ஸைப் பார்க்கவே பார்க்காது. திரையில் மேலிருந்து விழும் வண்ணப் பட்டைகளைத் தொடரும் ஆப்களிலும் இதே சிக்கல். பாட்டு கைக்கு வரும், படிப்பு வராது. தினமும் ஐந்து நிமிடம், உங்கள் நிலைக்கு ரொம்பக் கீழே உள்ள புதுப் பாட்டு ஒன்றை, நிற்காமல், தப்பைத் திருத்தாமல் ஒரே ஒருமுறை வாசித்து மூடிவையுங்கள்.

## கையைப் பார்க்காமல் வாசிக்க முடியவில்லை

பார்ப்பது குற்றமில்லை, தாவும்போது எல்லோரும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பார்ப்பதுதான் இடைஞ்சல். கண்ணை மூடிக்கொண்டு கறுப்புக் கட்டைகளைத் தடவுங்கள்: இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டமாக வரும். இரண்டு கறுப்புக்கு நடுவே டி, அவற்றுக்கு இடப்பக்கம் ஒட்டி சி. மூன்று கறுப்புக்கு இடப்பக்கம் ஒட்டி எஃப். இந்த மூன்றும் விரலுக்குப் பழகினால் போதும்.

## மெதுவாக வருகிறது, வேகத்தில் உடைகிறது

எந்த மெஷரில் உடைகிறது என்று முதலில் பாருங்கள். முழுப் பாட்டும் மெதுவாக இல்லை, ஒன்றிரண்டு மெஷர்தான் உங்கள் வேகத்தின் உச்சவரம்பை நிர்ணயிக்கின்றன. அவற்றுக்கு இரண்டாவது பகுதியில் சொன்ன விசாரணையைச் செய்யுங்கள். ஒரு விரல் எண்ணை மாற்றியதும் வேகம் தானாக ஏறுவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

அதிலும் கிடைக்காவிட்டால், நீங்கள் மெதுவாகச் செய்யும் அசைவு வேகத்தில் செய்ய முடியாத அசைவாக இருக்கலாம். மெதுவாக வாசிக்கும்போது விரலை ஓர் அங்குலம் தூக்க நேரம் இருக்கிறது, வேகத்தில் இல்லை. மெதுவாகவே, ஆனால் விரல் கட்டையை விட்டு எழும்பாமல் வாசியுங்கள். பிறகு நான்கு ஸ்வரத்தை மட்டும் முழு வேகத்தில் பாய்ந்து வாசித்து, ஐந்தாவதில் நின்று கையை இளக்குங்கள். மறுபடி அடுத்த நான்கு. நிற்கும் இடத்தை ஒவ்வொரு ஸ்வரமாக நகர்த்துங்கள். மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) நாளுக்கு இரண்டு எண் ஏற்றிக்கொண்டே போவதைவிட இது சீக்கிரம் பலன் தரும் என்பது என் அனுபவம்.

## மெட்ரோனோம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்

நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, வாசிக்காமல் கைதட்டுங்கள். தட்டுச் சத்தம் மெட்ரோனோமின் சத்தத்தை மறைத்துவிட்டால் ஒத்துப்போகிறீர்கள். பிறகு வாய்விட்டு எண்ணிக்கொண்டே வாசியுங்கள். எண்ண முடியாத அளவுக்குத் திணறினால் வேகத்தைக் குறையுங்கள். மனசுக்குள் எண்ணுவது போதாது. கடினமான இடத்தில் மனசு சொல்லாமல் நின்றுவிடும், வாய் நின்றால் உங்களுக்கே தெரியும்.

## பெடல் போட்டால் எல்லாம் கலங்குகிறது

கார்ட் (சேர்த்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) மாறும்போது காலும் கையும் ஒரே நேரத்தில் கீழே போகின்றன. பழைய கார்டின் மிச்சம் புதிய மிதியில் மாட்டிக்கொள்கிறது. கால் கைக்கு எதிராக வேலை செய்ய வேண்டும்: புதிய கார்டைக் கை அழுத்தும் அதே கணத்தில் கால் மேலே வர வேண்டும், ஒலி பிறந்த பிறகு கால் கீழே போக வேண்டும். 'கை கீழே, கால் மேலே. இப்போது கால் கீழே' என்று இரண்டே கார்டை மாற்றி மாற்றி வாசியுங்கள். குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. சத்தம் சுத்தமாக இருக்கிறதா என்று கேட்பது மட்டுமே அளவுகோல்.

பெடல் இல்லாமல் அந்த இடம் துண்டு துண்டாகக் கேட்கிறது என்றால் பெடல் அதைத் தீர்க்காது, மறைக்கத்தான் செய்யும். விரலால் இணைத்துவிட்டுப் பிறகு பெடலுக்கு வாருங்கள்.

## இடது கை மெலடியை மூடிவிடுகிறது

இடது கையை மெதுவாக வாசிக்க முயல்வது பலன் தராது, இரண்டு கையும் சேர்ந்து சோர்ந்துவிடும். வலது கையை வேண்டுமென்றே மிகையாக, உரக்க வாசியுங்கள். இடது கை முன்பு சொன்னபடி கட்டையைத் தொட மட்டும் செய்யட்டும். பிறகு பாதி இறக்கம், பிறகு முழு இறக்கம். மெலடியை வாயால் பாடிக்கொண்டே வாசித்தால் காது எதைத் தொடர வேண்டும் என்று கைக்கும் தெரிந்துவிடும்.

## நேற்று வந்தது, இன்று காணோம்

நேற்று கடைசியாக வாசித்த தடவையைத்தான் நீங்கள் நினைவில் வைத்திருக்கிறீர்கள், அது சூடேறிய கையின் வாசிப்பு. உண்மையான நிலை மறுநாள் முதல் தடவையில்தான் தெரியும். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அளவீடாக எடுத்துக்கொள்ளுங்கள். கற்ற அசைவு நிலைபெறுவதில் தூக்கத்துக்கும் பங்கு உண்டு, அதனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்தைவிட தினமும் இருபது நிமிடம் நல்லது. அந்த இருபதையும் ஒரே பாட்டில் செலவழிக்காமல் மூன்று சிறு துண்டுகளுக்குப் பிரித்து, ஒன்றை விட்டு ஒன்று மாறி மாறி எடுங்கள். பயிற்சியின்போது குறைவாக வந்ததுபோல் தோன்றும். மறுநாள் முதல் தடவையில் வித்தியாசம் தெரியும்.

## யாராவது கேட்டால் மறந்துவிடுகிறது

தனியாக வாசிக்கும்போது பாட்டைக் கை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது. ஆள் பக்கத்தில் வந்ததும் நீங்கள் கையைக் கவனிக்கத் தொடங்குகிறீர்கள், கவனித்ததும் கை தயங்குகிறது. இதற்குத் தைரியத்தைவிடத் தகவல்தான் உதவும். பாட்டில் நான்கைந்து இடங்களைக் குறித்து, எந்த இடத்திலிருந்து கேட்டாலும் உடனே தொடங்கப் பழகுங்கள். ஒவ்வொன்றின் முதல் ஸ்வரமும் விரலும் இடது கைக் கார்டும் வாய்விட்டுச் சொல்ல வர வேண்டும். தடுமாறினால் அடுத்த இடத்துக்குத் தாவிவிடலாம். பிறகு போன் கேமராவை ஆன் செய்து, ஒரே ஒரு முயற்சி என்று வைத்துக்கொண்டு வாசியுங்கள். அதுவே ஓர் ஆள் கேட்பதற்குச் சமமான பதற்றத்தைத் தரும்.

## எதுவும் பொருந்தவில்லை

அப்படியானால் ஓர் ஆசிரியரிடம் ஒரே ஒரு வகுப்பாவது போங்கள். முதலில் எடுத்த வீடியோவைக் கொண்டுபோங்கள். 'எப்படி வாசிக்கிறேன்?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். 'பன்னிரண்டாவது மெஷரில் தட்டுகிறது, விரல் எண் சரி, மெதுவாக வருகிறது, இந்த வேகத்துக்கு மேல் உடைகிறது, பதினொன்றில் நான் என்ன செய்கிறேன்?' என்று கேளுங்கள்.